காத்திருப்பின் கட்டமைப்பு: ஜப்பானியக் காதல் காட்சிப் புதினங்களில் காலநகர்வும் பாத்திர வார்ப்பும் (1992–2001)

முன்னுரை

படம், இசை, எழுத்து ஆகிய மூன்றையும் இணைத்து, வாசிப்பவரின் தெரிவுக்கேற்பக் கிளைத்துச் செல்லும் கதைவடிவம் காட்சிப் புதினம் (விஷுவல் நாவல்) எனப்படும். ஜப்பானில் இதன் காதல்வகை, வயது வந்தோருக்கான கணினி விளையாட்டுச் சந்தையில் வளர்ந்தது. இவ்வகையின் பாத்திரங்களைக் கவர்ச்சிக் கூறுகளின் தொகுப்பாகக் காணும் பார்வை ஆய்வுலகில் செல்வாக்குப் பெற்றுள்ளது. 2001இல் வெளியான தம் நூலில் ஹிரோகி அசுமா, நுகர்வோர் ஒரு தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் கோக்கப்பட்ட கூறுகளையே நாடுகின்றனர் என வாதிட்டார். எனினும், 1992 முதல் 2001 வரையிலான முதன்மை ஆக்கங்களை வரிசைப்படுத்தி நோக்கின், அக்கூறுகளுக்கு உயிரூட்டியது காலநகர்வே என்பது புலனாகும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாளொழுங்கு பெற்ற பாத்திரங்கள்

எல்ஃப் நிறுவனம் 1992இல் பிசி-98 கணினிக்கு வெளியிட்ட 'டோக்யூசெய்' ஒரு கோடை விடுமுறையைக் களமாகக் கொண்டது. ஆடுபவர் ஊருக்குள் இடம்விட்டு இடம் செல்லச் செல்லப் பொழுதும் நகரும். ஒவ்வொரு பாத்திரமும் குறித்த நேரத்தில் குறித்த இடத்திலேயே காணக்கிடைக்கும். நேரம் தவறினால் சந்திப்பும் தவறும். ஒருவரை அறிவது அவருடைய நாளொழுங்கை அறிவதாயிற்று. வெற்றிக்குரிய பரிசாக நின்ற பெண்பாத்திரம், தனக்கென நேரமும் அலுவலும் உடையவளாக மாறியதன் தொடக்கத்தை இங்குக் காணலாம்.

எழுத்தின் நடை

இதே 1992இல் சுன்சாஃப்ட் நிறுவனத்தின் 'ஒடோகிரிசோ', படத்தின் மீது திரை முழுவதும் எழுத்தைப் பரப்பும் 'ஒலிப் புதின' வடிவத்தை அறிமுகப்படுத்தியது. அவ்வடிவத்தைப் பின்பற்றிய லீஃப் நிறுவனம், 1996இல் 'ஷிசுகு' என்னும் ஆக்கத்துடன் தன் 'விஷுவல் நாவல்' வரிசையைத் தொடங்கியது. விசையை அழுத்தினால்தான் அடுத்த தொடர் தோன்றும் என்பதால், தொடரை எங்கு முறிப்பது, இசையை எங்கு நிறுத்துவது என்பன எழுத்தாளரின் கருவிகளாயின.

அவ்வரிசையில் 1997இல் வந்த 'டு ஹார்ட்', முந்தைய ஆக்கங்களின் இருண்ட சூழலை விடுத்து அன்றாடப் பள்ளி வாழ்வை எடுத்துக்கொண்டது. அதில் வரும் மல்டி என்னும் இயந்திரப் பெண், குறுகிய சோதனைக் காலத்திற்கு மட்டுமே பள்ளிக்கு வருகிறாள். அவள்மீது எழும் பரிவுக்கு அவளுடைய தோற்றத்தைவிட, எண்ணி முடியும் அந்நாள்களே பெரிதும் காரணமாகின்றன.

வழக்கமும் இழப்பும்

டாக்டிக்ஸ் வெளியிட்ட 'ஒன்' (1998), கீ நிறுவனத்தின் 'கானோன்' (1999) ஆகியவை இருபகுதி அமைப்பை நிலைநிறுத்தின. முற்பகுதியில் நகைச்சுவையான அன்றாட உரையாடல் நீள்கிறது. பிற்பகுதியில் இழப்பு நேர்கிறது. 'ஒன்' ஆக்கத்தில் தலைவனே பிறர் நினைவிலிருந்து மறையத் தொடங்குகிறான். 'கானோன்' ஆக்கத்தின் மகோடோ வாயாடியாக அறிமுகமாகி, நாளடைவில் பேச்சையே இழக்கிறாள். முன்னர் நீண்ட பேச்சு வீண் நிரப்பாக இருந்திருந்தால், பின்னர் வரும் மௌனத்திற்குப் பொருள் இருந்திராது. பேச்சுவழக்கு ஒரு தரவுத்தளக் கூறாக இருக்கலாம்; அது இல்லாமற் போவதை உணர்த்தக் கதையின் காலம் தேவைப்படுகிறது.

'டு ஹார்ட்', 'கானோன்' ஆகியவை பின்னர் வயது வந்தோருக்கான பகுதிகள் நீக்கப்பட்டு வீட்டு விளையாட்டுக் கருவிகளுக்கும் வந்தன. சந்தையில் நுழைய உதவிய பகுதிகள் இன்றியும் கதை நிலைபெற்றமை, அதன் ஈர்ப்பு வேறிடத்தில் அமைந்திருந்ததைக் காட்டும்.

வடிவத்தின் குறையும் எதிர்வினையும்

கிளைக்கதை முறைக்கு ஓர் அறச்சிக்கலும் உண்டு. ஒருத்தியின் வழியைத் தெரிந்தால், மற்றவர்களின் துயர் தீர்வின்றிக் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. தெரிவு செய்யப்படாதவர்க்குக் காலமே இல்லை என்பது போன்ற தோற்றம் எழுகிறது.

ஏஜ் நிறுவனத்தின் 'கிமி கா நோசோமு எய்என்' (2001) இச்சிக்கலையே கதைப்பொருளாக்கியதாகக் கருதலாம். முதற்பகுதி, ஹருகா விபத்துக்குள்ளாவதுடன் முடிகிறது. கதை மூன்றாண்டுகள் கடந்து தொடரும்போது தலைவன் தகாயுகி அவளுடைய தோழி மிட்சுகியுடன் வாழ்வைப் பகிர்ந்துகொண்டிருக்கிறான். நினைவிழந்து கிடந்த ஹருகா அப்போதுதான் கண்விழிக்கிறாள். அவளுக்கோ ஒரு நாளும் கழியவில்லை. இரு பெண்களுக்கிடையே தெரிவு செய்வது, இருவேறு காலங்களுக்கிடையே தெரிவு செய்வதாகிறது. இங்கு எவ்வழியைக் கொண்டாலும் மற்றவளின் இழப்பு கண்முன் நிற்கிறது.

முடிவுரை

இப்பத்தாண்டு வரலாற்றில் காலம் முதலில் ஆட்டவிதியாகவும், பின்னர் உரைநடை உத்தியாகவும், இறுதியில் கதைப்பொருளாகவும் வளர்ந்தது. பாத்திரங்களைக் கூறுகளாகப் பகுத்துக் காண்பது அவற்றின் விற்பனையை விளக்கக்கூடும். அவற்றின்மீது வாசகர் கொண்ட துயரை விளக்காது. அதற்கு, பாத்திரத்துடன் வாசகர் கழித்த நாள்களையும் ஆய்வு கணக்கில் கொள்ள வேண்டும்.