சொல்பவனே சாட்சி: ஜான் பக்கனின் 'ரனகேட்ஸ் கிளப்' கதைகளில் ஒற்றும் பேயும்

ஜான் பக்கன் 1928-இல் வெளியிட்ட 'தி ரனகேட்ஸ் கிளப்' தொகுப்பில் 12 கதைகள் உள்ளன. ஒற்றாடல், வேட்டை, பத்திரிகை உலகை நையாண்டி செய்யும் கதை, தீண்டக்கூடாத தெய்வம் என எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. ரனகேட்ஸ் கிளப் என்னும் மன்றத்தின் இரவு விருந்தில் உறுப்பினர்கள் ஆளுக்கொரு கதை சொல்வதாக ஏற்பாடு. சிதறிக் கிடந்த கதைகளைக் கோக்கக் கிடைத்த நூல்தான் இந்த ஏற்பாடு என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒற்றர் கதைக்கும் அமானுஷ்யக் கதைக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு: நடந்ததற்கு ஆதாரம் காட்ட இயலாது. பேய் தடயம் விடுவதில்லை. உளவுத்துறையோ விட்ட தடயத்தையும் அழித்துவிடும். இந்த வெற்றிடத்தைக் கதைசொல்லியின் சமூகத் தகுதியைக் கொண்டு நிரப்புகிறார் பக்கன்.

மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் படைத்தலைவர், வழக்கறிஞர், வங்கியாளர், அமைச்சர் பதவி வகித்தவர். பெரும்பாலோர் முதல் உலகப்போரில் வெளியே சொல்ல முடியாத வேலைகளைச் செய்தவர்கள். பக்கனும் அந்த வட்டத்தவர்தான். 1917-இல் பிரிட்டிஷ் அரசின் தகவல் துறைக்குத் தலைமை தாங்கினார். சொல்லாமல் இருக்கத் தெரிந்தவன் சொன்னால் நம்பலாம் என்பது இம்மன்றத்தின் எழுதாத விதி. அதன் நேர்த்தியான பயன்பாடு 'தி விண்ட் இன் தி போர்ட்டிகோ' கதையில் இருக்கிறது. அதைச் சொல்லும் நைட்டிங்கேல் கிரேக்க இலக்கிய அறிஞர்; போரில் பாலைவன நாடோடிகளான பெதூயின்களோடு சேர்ந்து அவர் செய்தவை ஊரறிந்தவை. அந்தப் பாலைவனத்தைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. பண்டைய கிரேக்கக் கவிஞர் தியோக்கிரிட்டஸின் பழஞ்சுவடியொன்றைப் பார்க்க ஷ்ராப்ஷயரில் உள்ள ஒரு நாட்டுப்புற மாளிகைக்குப் போனதைச் சொல்கிறார். வீட்டுக்காரர் பழைய பிரிட்டானியத் தெய்வம் ஒன்றின் பலிபீடத்தைத் தம் கட்டடத்துக்குள் நிறுவியிருக்கிறார். அங்கே வீசும் அனல்காற்றே கடைசியில் அந்த வீட்டுக்காரருக்கு எமனாகிறது. பாலைவன வீரத்தைப் பற்றியே பேசாதவருக்கு ஷ்ராப்ஷயர் காற்றை இட்டுக்கட்ட என்ன தேவை? போர்க்காலத்து மௌனம் இங்கே பேய்க்குப் பிணை நிற்கிறது.

'டாக்டர் லார்ஷியஸ்' கதையில் இது தலைகீழாகிறது. போர்க்கால லண்டனில் சீமாட்டிகள் மொய்க்கும் ஆவியுலகத் தொடர்பாளர், உண்மையில் எதிரியின் வலையமைப்புக்குள் புக வேடமிட்ட பிரிட்டிஷ் ஒற்றர். முந்தைய கதையில் போர்ப்புகழ் அமானுஷ்யத்தை நம்பவைத்தது. இதில் போலி அமானுஷ்யமே போர்க்கருவி. இரண்டு திசையிலும் செல்லுபடியாகும் நாணயம் நம்பகம்தான்.

அதே 1928-இல் வந்த சாமர்செட் மாமின் 'ஆஷெண்டன்' இந்த நாணயத்தையே மதிக்கவில்லை. மாமும் போர்க்காலத்தில் சுவிட்சர்லாந்திலும் பெத்ரோகிராதிலும் உளவுப்பணி செய்தவர். ஆனால் அவருடைய ஒற்றன் இயந்திரத்தின் ஒரு பல்சக்கரம். முழுப்படம் அவனுக்குத் தெரியாது. 'தி ஹேர்லெஸ் மெக்சிகன்' கதையில் கொல்லப்படுவது தவறான ஆள். இப்படிப்பட்டவனுக்கு விருந்து மேசையில் இடமிராது. ஒற்றாடலை மெய்யாகச் சித்திரிப்பதில் மாம் ஒரு படி மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் கதைகளுக்குள் பேய் நுழைய வழியே இல்லை. பக்கனின் வாசல் திறந்திருப்பதற்குக் காரணம், அவருடைய மாந்தர் தம் சொல்லை உண்மை என்று நம்புவதுதான்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. 'தி கிரீன் வில்டபீஸ்ட்' போயர் போருக்குப் பிந்தைய தென்னாப்பிரிக்காவில் நிகழ்கிறது. அங்கே பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்த மில்னரின் செயலராகப் பக்கன் 1901 முதல் 1903 வரை பணியாற்றிய நிலம் அது. புனிதச் சோலைக்குள் அத்துமீறி நுழையும் போயர் இளைஞனின் வீழ்ச்சியைச் சொல்பவர் மன்ற உறுப்பினர் ரிச்சர்ட் ஹன்னே. அந்தச் சோலையைப் பற்றி உண்மையில் அறிந்தவர் அதைக் காக்கும் பார்வையற்ற ஆப்பிரிக்கப் பூசாரி. கதையின் அறிவெல்லாம் அவருடையது. சாட்சி சொல்லும் உரிமை மட்டும் ஹன்னேயுடையது. பூசாரியின் ஆற்றலைக் கதை கேலி செய்யவில்லை, அஞ்சி மதிக்கிறது. ஆயினும் அவர் வாய்மொழி லண்டன் கனவானின் வழியாக வந்தால்தான் செல்லும். இதைப் பேரரசுக் காலத்துப் பொது இனவாதம் என்று மட்டும் சொன்னால், வடிவமே இந்த விலக்கலைச் செய்வது கண்ணில் படாமல் போகும்.

வடிவம் தன் எல்லையைத் தொடும் கதை 'தி லோத்லி ஆப்போசிட்'. ஜெர்மானியச் சங்கேத மொழியை உடைக்கப் போராடும் குழுவினர், அதை உருவாக்கிய முகமறியாத எதிரியை ஓர் அரக்க உருவாகக் கற்பனை செய்துகொள்கின்றனர். உளவுப்பணியே இங்கே பேயைப் பெற்றெடுக்கிறது. போருக்குப் பின், நோயுற்றவர்களைக் கருணையோடு பேணும் ஒரு ஜெர்மானிய மருத்துவர்தான் அந்த எதிரி என்று தெரியவருகிறது. தொகுப்பில் எதிர்ப்பக்கத்தவருக்கு மனித முகம் இவ்வளவு தெளிவாகக் கிடைக்கும் இடம் வேறில்லை. அப்போதும் அவர் மன்றத்துக்குள் வருவதில்லை. அவருடைய கதையையும் மன்ற உறுப்பினரான ஆலிவர் பியூ என்பவரே சொல்கிறார்.