300 ரூபாய் பார்சல் ஆப்பில் 428 ரூபாய். கடைக்காரர் கைக்கு 242 ரூபாய்தான்! உணவு டெலிவரி ஆப்களின் மறுபக்கம் என்ன?

ராத்திரி 9 மணி. சமைக்க அலுப்பு. போனை எடுத்து நாலு தட்டு தட்டினால் அரை மணி நேரத்தில் சூடான புரோட்டா வாசலுக்கு வந்துவிடுகிறது. வசதிதான், மறுக்க முடியாது. ஆனா, அந்த வசதிக்கான காசை யார் யார் கட்டுறாங்க?

சாப்பிடுற நீங்க கட்டுறீங்க. சமைக்கிற கடைக்காரர் கட்டுறார். வண்டி ஓட்டிட்டு வர்ற டெலிவரி ஊழியரும் கட்டுறார். இவங்களைத் தாண்டி, அந்த ஆப்பையே பயன்படுத்தாத ஒருத்தரும் கட்டலாம். எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நாமக்கல்லில் என்ன நடந்தது?

2025 ஜூன் மாதம் நாமக்கல் ஹோட்டல் உரிமையாளர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். ஜூலை 1 முதல் ஸ்விக்கி, சொமேட்டோ வழியாக ஆர்டர் எடுக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். கமிஷன் கட்டுப்படியாகவில்லை, விளம்பரம், தள்ளுபடி என்ற பெயரில் கூடுதல் பிடித்தம் இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன முக்கியமான புகார். மாற்றாக, சிதம்பரத்தில் தொடங்கிய 'சாரோஸ்' என்ற தமிழ்நாட்டு ஆப் பக்கம் போனார்கள்.

சென்னை, கோவையில் பெரிய ரெஸ்டாரண்டுகள் முன்பே முணுமுணுத்த விஷயம்தான் இது. ஆனா ஒரு நடுத்தர ஊரின் ஹோட்டல்காரர்கள் சேர்ந்து 'வேண்டாம்' என்று சொன்னதால் நாடு முழுக்கப் பேசப்பட்டது. சின்ன ஊர் ஹோட்டலில் லாபம் ஏற்கெனவே மெலிசு. அதில் கால்வாசி விற்பனைத் தொகை கமிஷனாகப் போனால் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

ஒரு பார்சலின் கணக்கு

கோவில்பட்டியில் ஒரு புரோட்டா கடையை எடுத்துக்கொள்வோம். இது கணக்குப் புரிவதற்கான கற்பனைக் கடைதான். வருட விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குக் கீழே, அதனால் ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. நாலு பேர் குடும்பத்துக்கு புரோட்டா, சால்னா, ஆம்லெட் என்று நேரில் வாங்கினால் 300 ரூபாய். "அண்ணாச்சி, ஒரு பார்சல்" என்று சொல்லி வாங்கிட்டுப் போனால் செலவு அவ்வளவுதான்.

அதே சாப்பாடு ஆப்பில் வரும்போது, கமிஷனைச் சமாளிக்க கடைக்காரர் விலையை 360 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

நீங்கள் கட்டுவது:

- சாப்பாடு: 360 ரூபாய்
- சாப்பாட்டுக்கு 5% ஜி.எஸ்.டி.: 18 ரூபாய்
- டெலிவரி கட்டணம் (உதாரணத்துக்கு): 30 ரூபாய்
- பிளாட்பார்ம் கட்டணம் (உதாரணத்துக்கு): 12 ரூபாய்
- இந்த இரண்டு கட்டணத்துக்கும் 18% ஜி.எஸ்.டி.: 7.56 ரூபாய்
- மொத்தம்: 427.56 ரூபாய்

கடைக்காரருக்குப் போவது:

- ஆப்பில் விலை: 360 ரூபாய்
- கமிஷன் 25% என்றால்: 90 ரூபாய் கழிவு
- கமிஷன் மேல் 18% ஜி.எஸ்.டி.: 16.20 ரூபாய் கழிவு
- டப்பா, பை செலவு: 12 ரூபாய் கழிவு
- மிச்சம்: 241.80 ரூபாய்

அதாவது நேரில் வாங்குவதைவிட நீங்கள் 127 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். கடைக்காரருக்கோ, விலையை ஏற்றிய பிறகும் 58 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. விலையை ஏற்றாமல் 300-க்கே விற்றால் அவர் கையில் நிற்பது 199.50 ரூபாய். மைதா, எண்ணெய், முட்டை, கேஸ், மாஸ்டர் சம்பளம், வாடகை எல்லாம் இதற்குள்தான்.

கமிஷன் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை பேசப்படுகிறது. பெரிய செயின் ஹோட்டல்கள் பேரம் பேசிக் குறைக்கலாம். ஒற்றைக் கடைக்காரருக்கு அந்த பலம் கிடையாது.

வரியில் ஒளிந்திருக்கும் சிக்கல்

மேலே சொன்ன கணக்கில் இரண்டு இடங்களை கவனிக்கணும்.

ஒன்று, நம்ம உதாரணக் கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. நேரில் சாப்பிட்டால் வரி கிடையாது. ஆனா 2022 ஜனவரி 1 முதல், ஆப் வழியாகப் போகும் ரெஸ்டாரண்ட் சாப்பாட்டுக்கு 5% வரியை ஆப் நிறுவனமே வசூலித்துக் கட்டணும். கடை பதிவு செய்யாததாக இருந்தாலும் இதே விதிதான். அதனால்தான் நேரில் இல்லாத வரி ஆப் பில்லில் முளைக்கிறது.

இரண்டு, 5% வரி முறையில் இருக்கும் ஹோட்டல்கள் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. ஆப் வாங்கும் கமிஷன் மேல் போடப்படும் 18% வரி கடைக்காரருக்கு நேரடிச் செலவு. 25% கமிஷன் என்று சொன்னாலும், உண்மையில் போவது 29.5%.

இதோடு 2025 செப்டம்பர் 22 முதல் டெலிவரி கட்டணத்துக்கும் 18% வரி சேர்ந்துகொண்டது.

2 ரூபாயில் ஆரம்பித்தது...

'பிளாட்பார்ம் கட்டணம்' என்று பில்லில் ஒரு வரி இருக்கும். பலர் கவனிப்பதே இல்லை. 2023-ல் ஸ்விக்கியும் சொமேட்டோவும் இதை 2 ரூபாயாகத்தான் ஆரம்பித்தன. சொமேட்டோவில் 2025 செப்டம்பரில் இது 12 ரூபாய். இரண்டே வருஷத்தில் ஆறு மடங்கு.

ஆரம்பத்தில் சின்னத் தொகை, கடைசிப் பக்கத்தில் பெரிய பில். இப்படி விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நீங்கள் கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் தானாகச் சேர்ப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது.

கமிஷனைவிடப் பெரிய இழப்பு எது?

காசு போவதைவிட, வாடிக்கையாளரே கைவிட்டுப் போவதுதான் கடைக்காரருக்குப் பெரிய அடி.

நேரில் வருபவரைக் கடைக்காரருக்குத் தெரியும். யாருக்கு சால்னா கூடுதலாக வேணும், யாருக்குக் காரம் ஆகாது என்பதெல்லாம் மனப்பாடம். ஆப்பில் வருபவரோ வெறும் ஆர்டர் நம்பர். அவருடைய போன் நம்பர், பழைய ஆர்டர்கள், விருப்பம் எல்லாம் ஆப்பிடம் இருக்கும். நாளைக்கு அந்த ஆப், பட்டியலில் கடையைக் கீழே தள்ளினால், வருஷக்கணக்கில் வாங்கியவரிடம் 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று சொல்லக்கூட வழியில்லை. மேலே வரணும்னா விளம்பரத்துக்குத் தனியாகக் காசு கட்டணும்.

இந்திய தேசிய உணவகங்கள் சங்கம் பல வருஷமாக இதை ஒரு முக்கியக் குறையாகச் சொல்லி வருகிறது. வாடிக்கையாளர் சம்மதித்தால் மட்டும் அவர் போன் நம்பரைக் கடையோடு பகிரும் முறையை சொமேட்டோ சோதிக்கத் தொடங்கியதாக 2025 நவம்பரில் செய்தி வந்தது. கடைக்காரர்களுக்கு இது நல்ல செய்தி. அதேசமயம் உங்கள் நம்பருக்கு விளம்பர மெசேஜ் குவியுமோ என்ற பயமும் நியாயமானது. சம்மதம் கேட்கும்போது படித்துப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

வேறு ஆப்புக்கு மாறினால் என்ன?

மாறலாம்தான், ஆனா எங்கே மாறுவது? ஒரு காலத்தில் இந்தியாவில் ஃபுட்பாண்டா, உபர் ஈட்ஸ் என்று பல ஆப்கள் இருந்தன. 2020 ஜனவரியில் உபர் ஈட்ஸின் இந்தியத் தொழிலை சொமேட்டோ வாங்கியது. அதன்பிறகு சந்தை பெரும்பாலும் இரண்டே நிறுவனங்களின் கையில்.

2021-ல் உணவகங்கள் சங்கம் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2022 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 'எங்க ஆப்பில் மட்டும் விற்றால் கமிஷன் குறைவு' போன்ற ஒப்பந்தங்கள் போட்டிச் சட்டத்தை மீறுவதாக விசாரணையில் தெரியவந்தது என்று 2024 நவம்பரில் செய்தி வெளியானது.

அந்த விசாரணையில் வந்த இன்னொரு விஷயம் 'விலை சமநிலை' நிபந்தனை. அதாவது, ஆப்பில் வைக்கும் விலையைவிடக் குறைவாக வேறு எங்கேயும் விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு.

ஆப்பே இல்லாதவர் ஏன் காசு கட்டணும்?

பாஞ்சாலங்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டப்பிடாரம் பக்கத்தில் இருக்கும் கரிசல் காட்டு ஊர். கோவில்பட்டியில் இருந்து ரொம்ப தூரம். டெலிவரி ஆப்களின் எல்லை கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர்தான். கோவில்பட்டி கடை புரோட்டா ஆப் வழியாக பாஞ்சாலங்குறிச்சி வரை வராது.

ஆனா அந்த ஊர்க்காரர் ஆஸ்பத்திரிக்கோ, உளுந்து, பருத்தி விற்ற காசை எடுக்க பேங்குக்கோ கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறி வருவார். மதியம் ஒரு கடையில் சாப்பிடுவார். ஆப் விலையும் கடை விலையும் ஒன்றாக இருக்கணும் என்று கடைக்காரருக்கு நெருக்கடி வந்தால், அவர் என்ன செய்வார்? இரண்டு இடத்திலும் விலையை ஏற்றுவார். அப்போ, போனில் அந்த ஆப்பே வைத்திருக்காத மனுஷனும் தட்டுக்கு 10 ரூபாய், 20 ரூபாய் சேர்த்துக் கட்டுவார். எதுக்குக் கட்டுறோம்னு அவருக்குத் தெரியவே தெரியாது.

வண்டி ஓட்டுபவர் நிலைமை?

வண்டி அவருடையது. பெட்ரோல் அவருடையது. போன், டேட்டா அவருடையது. கடையில் சாப்பாடு ரெடியாகக் காத்திருக்கும் நேரமும் அவருடையதுதான். சித்திரை வெயிலில் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் நாளிலும் ஓடணும். ஓடினால்தான் காசு.

சில மாற்றங்கள் வந்திருக்கின்றன:

- 2023-ல் தமிழ்நாடு அரசு இணையம் சார்ந்த தற்சார்பு தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தது.
- 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில், 2,000 பேர் மின்சார ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது.
- சென்னையில் டெலிவரி ஊழியர்களுக்கு மாநகராட்சி ஏ.சி. ஓய்வறைகள் திறந்தது.
- 2025 நவம்பர் 21-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஆப் நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்கணும்.

சின்ன ஊர்களில் இந்த ஊழியர்களுக்கு இன்னமும் கடை வாசல்தான் ஓய்வறை.

ருசியும் ஒரு பிரச்சினைதான்

விருதுநகர் எண்ணெய் புரோட்டாவின் அழகே மொறுமொறுப்பு. மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் 20 நிமிஷம் இருந்தால் ஆவி பட்டு நமத்துப்போகும். சூடான சால்னா பிளாஸ்டிக்கில் வருவது உடம்புக்கும் நல்லதில்லை. சாப்பாடு ஆறிப்போனாலோ, சிந்திப்போனாலோ யாரைக் கேட்பது? கடை, ஆப், டெலிவரி ஊழியர் மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். ஆனா ஒரு ஸ்டார் ரேட்டிங் கொடுத்தால் அது கடை பெயரில்தான் விழும்.

அப்போ ஆப்பே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. தனியாக இருக்கும் வயசானவர்கள், உடம்பு முடியாதவர்கள், நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்கு இது பெரிய உதவி. ஹால் வாடகை கொடுக்க முடியாத புதுக் கடைக்காரருக்கு ஆப்தான் ஜன்னல். கமிஷனில் டெலிவரி செலவு, டெக்னாலஜி, கஸ்டமர் கேர் எல்லாம் இருக்கிறது என்ற ஆப் தரப்பு நியாயத்தையும் ஒதுக்க முடியாது. கடையே ஆள் வைத்து டெலிவரி செய்தாலும் செலவு இருக்கும்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம், கொரோனா காலத்தில் டெலிவரி கமிஷனுக்கு 15% உச்சவரம்பு வைத்து, 2021-ல் அதை நிரந்தரமாக்கியது. இந்தியாவில் அப்படி உச்சவரம்பு இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. ஆர்டர் போடும் முன் கடைக்கு ஒரு போன் போடுங்கள். நேரடி விலை கேளுங்கள். பல கடைகள் பக்கத்துத் தெருவுக்கு ஆள் அனுப்பும்.
2. நடக்கும் தூரம் என்றால் தூக்குவாளியோடு போய் வாங்குங்கள். காசும் மிச்சம், பிளாஸ்டிக்கும் குறைவு.
3. '60% தள்ளுபடி' என்பதைப் பார்க்காதீர்கள். கடைசியில் கட்டும் மொத்தத் தொகையைப் பாருங்கள்.
4. தெரியாத கடை என்றால், ஆப்பில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்.
5. சாப்பாடு கெட்டிருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். ஆப்பில் தீர்வு இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.
6. தாமதத்துக்கு டெலிவரி ஊழியரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது அவர் கையில் இல்லை.

கடைக்காரர்களுக்கு: வாராவாரம் வரும் கணக்கு அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள். விளம்பரம், தள்ளுபடி என்று என்ன பிடித்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒவ்வொரு பார்சல் பையிலும் கடை போன் நம்பர் அச்சடித்து வையுங்கள். ஆப் இருக்கட்டும், ஆனா மொத்த வியாபாரமும் அதிலேயே தொங்க வேண்டாம்.

அடுத்த முறை 'ஆர்டர் செய்' பட்டனைத் தட்டும் முன், பில்லை ஒரு நிமிஷம் விரித்துப் பாருங்கள். உங்கள் தெருமுனைக் கடைக்குப் போய்ச் சேரும் காசு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், போனில் எந்த நம்பரை அழுத்துவது என்று உங்களுக்கே தெரியும்.