முன்சீப்பு வேதநாயகரின் கதையும் சமயமும்

சந்தாபுராவில் வாழும் நம் இல்லங்களில், தமிழ் பேசுவர், படிக்க அறியார் என்னும் நிலையில் குழந்தைகள் வளர்கின்றனர். இவ்வேளையில், தமிழின் முதல் நாவலை ஆக்கித் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826–1889) நாம் நினைவு கூர்தல் தகும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடியிற் பிறந்த அவர், மாயூரத்தில் முன்சீப்பாக அமர்ந்து நீதி வழங்கினார். வழக்காடுவோர்க்குத் தம் வழக்கு தாய்மொழியில் விளங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. உயர்மன்றத் தீர்ப்புகளைத் தாமே தமிழாக்கி அச்சிட்டார்.

1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ இக்கொள்கைக்குக் கதை வடிவம் தந்தது. கணவனை யானை தூக்கிச் செல்கிறது. ஆண்வேடம் பூண்டு தேடிப் புறப்பட்ட ஞானாம்பாள் அயல்நாட்டில் அரசாளுகிறாள். அடுத்து யாது நேருமோ என்று படிப்போர் ஏங்கும் இக்கதையினூடே, தமிழை இகழ்வோரை ஆசிரியர் கடிகிறார், பெண்கல்வியைப் போற்றுகிறார்.

அவர் சமயப்பற்றும் அத்தகையதே. தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய அவரே ‘சர்வ சமய சமரசக் கீர்த்தன’மும் பாடினார். சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது ‘குளத்துக் கோவை’ பாடினார். தாதுவருடப் பஞ்சத்தில் (1876–78), பசித்தோரிடம் சமயம் வினவாது தம் பொருளை வழங்கினார்.

அன்னார் படத்திற்கு மாலை சூட்டுதல் எளிது. அண்டை வீட்டார் மொழியாம் கன்னடத்தை நம் பிள்ளைகள் நன்கு கற்கட்டும். அதனோடு, இரவில் ஒரு பக்கமேனும் அந்நாவலை அவர்கள் வாய்விட்டுப் படிக்க நாம் அருகிருந்து கேட்போமாக. அதுவே அவருக்கு நாம் செலுத்தும் கடன்.