சிவப்புக் காலணியும் ஒரு ரசிகையும்

1970 மே 17ஆம் தேதி ஒரு ஜோடி சிவப்புக் காலணி 15,000 டாலருக்கு ஏலம் போனது. இடம், கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் உள்ள எம்.ஜி.எம். ஸ்டுடியோ. 1939இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் ஜூடி கார்லண்ட் போட்டு நடந்த காலணி அது. மூலக்கதையை எழுதிய ஃபிராங்க் பாம் அதை வெள்ளிக் காலணி என்றுதான் எழுதியிருந்தார். டெக்னிகலரில் வெள்ளி எடுபடாது, சிவப்புதான் கண்ணைப் பறிக்கும் என்று ஸ்டுடியோவில் மாற்றிவிட்டார்கள். வடிவமைத்தவர் ஏட்ரியன். கிரேட்டா கார்போவையும் ஜோன் கிராஃபோர்டையும் தேவதைகளாக்கியதில் பாதிப் பங்கு இவருடைய கத்தரிக்கோலுக்கு உண்டு.

அந்த ஏலம் மொத்தம் 18 நாள் நடந்தது. எம்.ஜி.எம்.மின் உடைகள், மேஜை நாற்காலிகள், வாள்கள், வண்டிகள் எல்லாவற்றையும் சுமார் 15 லட்சம் டாலருக்கு மொத்தமாகப் பேசி முடித்துவிட்டு, சில்லறையாகக் கூவி விற்றார் டேவிட் வைஸ் என்ற ஏலக்காரர். வானத்தைவிட எங்களிடம்தான் நட்சத்திரங்கள் அதிகம் என்று ஒரு காலத்தில் மார்தட்டிய நிறுவனம், நாற்பது ஆண்டுச் சேமிப்பை ஒரே மாதத்தில் ஒழித்துக்கட்டியது.

ஏன் விற்றார்கள்? சென்ற வாரங்களில் பார்த்த அதே காரணங்கள்தான். சொந்தத் திரையரங்குகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1948இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதன்பின் வீட்டுக்கு வீடு வந்த தொலைக்காட்சி. 1969இல் எம்.ஜி.எம். நிறுவனம் கிர்க் கெர்கோரியன் என்ற செல்வந்தரின் கைக்கு மாறியது. அவருடைய கண் லாஸ் வேகாஸ் ஹோட்டல்கள் மீது இருந்தது. ஸ்டுடியோவை நடத்த அவர் அமர்த்திய ஜேம்ஸ் ஆப்ரி தொலைக்காட்சியிலிருந்து வந்தவர். பழைய சரக்கு அவருக்கு இடத்தை அடைக்கும் குப்பை, அவ்வளவுதான். காசாகக்கூடியதை ஏலத்துக்கு அனுப்பினார்கள். காசாகாதது என்று நினைத்ததைக் கொட்டினார்கள். புகழ்பெற்ற இசைச் சித்திரங்களின் முழு வாத்தியக் குறிப்புத் தாள்கள் பள்ளம் நிரப்பும் மண்ணோடு மண்ணாகப் போனது அப்போதுதான். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜான் வில்சன் என்ற பிரிட்டிஷ் இசை நடத்துநர், அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மிஞ்சியிருந்த சுருக்கக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியையும் மறுபடி எழுதினார். 2009இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவருடைய இசைக்குழு அவற்றை வாசித்தது. ஸ்டுடியோ தூக்கி எறிந்ததை ஒரு ரசிகர் காதால் மீட்டார்.

இந்த அத்தியாயத்தின் நாயகியும் ஒரு ரசிகைதான். ஆனால் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவர் இல்லை. பெயர் டெபி ரெனால்ட்ஸ். டெக்சஸில் எளிய குடும்பத்தில் 1932இல் பிறந்தவர். 1948இல், பதினாறு வயதில், பர்பாங்க் நகர அழகிப் போட்டியில் கலந்துகொண்டார். கலந்துகொள்பவர்களுக்கு ஒரு மேல்சட்டையும் ஸ்கார்ஃபும் இலவசம் என்பதே தன்னை இழுத்தது என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். மேடையில் நடிகை பெட்டி ஹட்டனைப் போல நடித்துக் காட்டிப் பட்டத்தையும் தட்டிக்கொண்டார். சில ஆண்டுகளில் எம்.ஜி.எம்.மின் ‘சிங்கின் இன் தி ரெய்ன்’ படத்தில் ஜீன் கெல்லிக்கு ஜோடி. முறையாக நடனம் படிக்காத பெண், கெல்லியின் கெடுபிடியில் காலில் ரத்தம் வர ஆடிக் கற்றுக்கொண்டார்.

ஆக, 1970இல் கூவி விற்கப்பட்டது அவர் வளர்ந்த வீட்டுச் சாமான். கைக்காசோடு கடனும் வாங்கிக்கொண்டு ஏலத்தில் உட்கார்ந்தார். மறு ஆண்டு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனமும் ஏலம் போட்டது; அங்கேயும் போனார். ‘தி செவன் இயர் இட்ச்’ படத்தில் காற்றில் பறந்த மர்லின் மன்றோவின் வெள்ளை மடிப்பாடை, ‘மை ஃபேர் லேடி’யில் குதிரைப் பந்தயக் காட்சிக்காக ஆட்ரி ஹெப்பர்ன் அணிந்த கறுப்பு வெள்ளை உடை என்று அவரிடம் சேர்ந்தவை ஏராளம்.

அவற்றில் இரண்டு பொருள்களைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. டெபியின் கணவர், பாடகர் எடி ஃபிஷர், 1959இல் அவரை விவாகரத்து செய்துவிட்டு எலிசபெத் டெய்லரை மணந்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் அந்த விவகாரத்தை மென்று தின்றன. அதே எலிசபெத் டெய்லர் ‘கிளியோபாட்ரா’வில் அணிந்த தலையணியும், சிறுமியாக ‘நேஷனல் வெல்வெட்’டில் போட்ட குதிரையோட்டி உடையும் டெபியின் பெட்டகத்தில் இருந்தன. சக்களத்தியின் கிரீடத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றிய பெண்மணியை எந்த ரகத்தில் சேர்ப்பது? நான் ரசிகை என்றே சொல்வேன். ரசிகைக்குத் திரையில் கண்டதுதான் கணக்கு.

இவரைப் போன்றவர்கள் தோன்றாத காலத்தில் என்ன ஆனது என்பதற்கு மௌனப் படங்களே சாட்சி. அமெரிக்காவில் எடுத்த முழுநீள மௌனப் படங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் அடியோடு அழிந்துவிட்டன என்று 2013இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வெளியிட்ட ஆய்வு சொன்னது. சில, நைட்ரேட் சுருள் பற்றிக்கொண்டதால் எரிந்தன. பல, இனி யார் பார்ப்பார்கள் என்ற அலட்சியத்தில் அழிந்தன. 1937 ஜூலையில் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்ததில், 1910களின் பெருங்கவர்ச்சியான நடிகை தீடா பாராவின் படங்கள் கிட்டத்தட்ட எல்லாமே போயின. அவருடைய 1917 ‘கிளியோபாட்ரா’வில் சில துண்டுகளே மிச்சம்.

டெபி ஆசைப்பட்டது ஓர் அருங்காட்சியகத்துக்கு. ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியிடம் பலமுறை கேட்டுப் பார்த்தார், கதவு திறக்கவில்லை. லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டலை வாங்கித் தன் பெயரை வைத்து, 1995இல் அதற்குள்ளேயே காட்சிக்கூடம் அமைத்தார். 1997இல் ஹோட்டல் திவாலானது. மறு ஆண்டு அதை வாங்கியவர்கள் மல்யுத்தக் காட்சி நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தார்! ஹாலிவுட்டிலேயே காட்சிக்கூடம் திறக்கப் போட்ட அடுத்த திட்டமும் கடனில் மூழ்கியது.

கடைசியில் 2011 ஜூன் 18ஆம் தேதி பெவர்லி ஹில்ஸில் மீண்டும் ஏலச் சுத்தியல். இம்முறை விற்பவர் டெபி, வயது 79. மன்றோவின் வெள்ளை உடை மட்டும் 46 லட்சம் டாலருக்குப் போனது. ஏலக் கட்டணம் தனி. ஹெப்பர்னின் உடை 37 லட்சம். நாற்பது ஆண்டு கட்டிக் காத்ததைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்.

சிவப்புக் காலணியின் கதைக்கு வருவோம். எம்.ஜி.எம். ஏலம் விட்டது ஒரு ஜோடியைத்தான். ஏலத்துக்கு முன் அங்கே வேலை பார்த்த கென்ட் வார்னர் என்ற உடை அலங்காரப் பணியாளர், கிடங்கில் வேறு சில ஜோடிகளையும் கண்டெடுத்துத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டார். அவரும் ரசிகர்தான், திருட்டுக்கும் பக்திக்கும் இடையில் எங்கே கோடு கிழிப்பது என்பது உங்கள் பொறுப்பு. ஒரு ஜோடி 1979இல் பெயர் சொல்லாத ஒருவரின் நன்கொடையாக வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வந்தது. மற்றொரு ஜோடி, ஜூடி பிறந்த மினசோட்டா மாநில கிராண்ட் ராபிட்ஸ் ஊரின் அருங்காட்சியகத்தில் இரவலாக இருந்தபோது 2005இல் களவு போனது. திருடியவர் அதில் பதித்திருப்பது நிஜ மாணிக்கம் என்று நம்பினாராம். வெறும் கண்ணாடி என்று தெரிந்ததும் கை கழுவிவிட்டார். 2018இல் எஃப்.பி.ஐ. மீட்டது. சோதித்துப் பார்த்தபோது இன்னொரு வேடிக்கை: ஸ்மித்சோனியன் ஜோடியும் இதுவும் ஒன்றோடொன்று மாறிப்போன கால்கள்! மீட்கப்பட்ட அந்த ஜோடி 2024 டிசம்பரில் ஏலத்துக்கு வந்து, கட்டணத்தோடு சேர்த்து 3 கோடியே 25 லட்சம் டாலருக்கு விற்றது.

டெபி ரெனால்ட்ஸ் அதைப் பார்க்க இல்லை. 2016 டிசம்பர் 28ஆம் தேதி, மகள் கேரி ஃபிஷர் இறந்த மறுநாளே, அவரும் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலஸில் அகாடமி தன் அருங்காட்சியகத்தைத் திறந்தது. பழம்பொருள்களைச் செப்பனிடும் அங்குள்ள கூடத்துக்கு டெபியின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தது நியாயம். அவர் கேட்டபோதே உடைகளையும் வாங்கியிருக்கலாம்.

(தொடரும்)