வில்லின் உதைப்பும் எய்தலின் துல்லியமும்

விரலை விட்டு நழுவிய நாண் முன்னே பாய்ந்து நேராகி நிற்கும் கணத்தில் வில் கையை உதைக்கிறது. துப்பாக்கியின் உதைப்பு தோளை நோக்கி வரும். வில்லோ பெரும்பாலும் இலக்கை நோக்கித் துள்ளுகிறது. முன்னோக்கி விரையும் மேல், கீழ்க் கிளைகளை இறுகிய நாண் சட்டெனத் தடுக்க, அவற்றின் உந்தம் கைப்பிடிக்கு மாறுவதே காரணம்.

இந்த உதைப்புதான் அம்பைத் திசைமாற்றுகிறது என்ற நம்பிக்கை காலக்கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஒலிம்பிக் போட்டிகளுக்குரிய ரீகர்வ் வில்லில் நாண் அம்பைத் தள்ளும் தொலைவு ஏறத்தாழ அரை மீட்டர். அம்பு வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் பிரிவதாகக் கொண்டால், அந்தத் தள்ளல் 15 முதல் 20 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். கை உணரும் வலுவான உதைப்பு அதன் பிறகே எழுகிறது. அப்போது அம்பு நாணில் இல்லை.

உதைப்பு காட்டுவது வேறொன்றை: அம்புக்குச் செல்லாமல் வில்லிலேயே தங்கிய ஆற்றலை. 20 கிராம் அம்பு அந்த வேகத்தில் 36 ஜூல் ஆற்றலைக் கொண்டுசெல்கிறது. இழுத்த வில் 50 ஜூல் சேமித்திருந்தால், மிஞ்சிய 14 ஜூலில் பெரும்பகுதி கிளைகளிலும் நாணிலும் அதிர்வாகிறது. கனமான அம்பு கூடுதல் பங்கை எடுத்துக்கொள்வதால் உதைப்பு தணியும். அம்பே இல்லாமல் நாணை விட்டால் முழு ஆற்றலும் வில்லின் மீதே திரும்பி, கிளைகள் உடையவும் கூடும். கிளைகளின் நுனி கனத்தால் இழப்பு மிகும். 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன், பருத்த ஆங்கில நெடுவில்லைவிடத் தட்டையான கிளைகள் திறன்மிக்கவை என்று காட்டியது இவ்வகையில் முக்கியமானது.

துல்லியம் தீர்மானமாவது அம்பு நாணோடு இருக்கும் அந்தச் சில மில்லிவினாடிகளில்தான். 70 மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 12.2 செ.மீ. மையத்திலிருந்து அதன் விளிம்புவரை உள்ள கோணம் 0.05 பாகைதான். உள்ளங்கை கைப்பிடியைச் சற்றே ஒருபுறமாக அழுத்தினாலும், நாண் விடுபட்டதும் வில் அப்பக்கம் திருகிக்கொள்ளும். இவ்வளவு சிறிய கோணத்தைக் குலைக்க அது போதும். ஆகவே வடிவமைப்பின் முதற்கடமை திருகலை மெதுவாக்குவது. 1961இல் ஏர்ல் ஹாய்ட் அறிமுகப்படுத்திய நிலைப்படுத்துத் தண்டுகள் இதையே செய்கின்றன. நிலைமத் திருப்புத்திறன் தொலைவின் இருமடியோடு உயர்வதால், கைப்பிடியிலிருந்து 75 செ.மீ. தள்ளி வைத்த 100 கிராம் எடை, 25 செ.மீ. தொலைவில் வைத்ததைவிட ஒன்பது மடங்கு தடை தருகிறது. வில்லை வெறுமனே கனமாக்குவது இதற்கு ஈடாகாது.

நாணுக்கும் கைப்பிடிக்கும் இடைவெளி குறைந்தால் அம்பு நாணில் கூடுதல் நேரம் தங்கும். வேகம் சிறிது ஏறும், கைப்பிழைக்கும் கூடுதல் நேரம் கிடைக்கும். கைப்பிடி கிளைகளின் வேரைவிட நாணை நோக்கிப் பின்தள்ளியிருக்கும் வில் திருகலுக்கு எளிதில் ஆளாவதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது.

உதைப்புக்கு மறைமுகப் பங்கு ஒன்று உண்டு. அதைப் புறக்கணிக்க முடியாது. அடி விழும் என்று எதிர்பார்க்கும் கை, நாண் விடுபடும் முன்பே கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறது, இறுக்கம் திருகலாகிறது. போட்டியாளர்கள் பிடியைத் தளர்த்தி, வில் விழாதபடி விரல்களில் வார் கட்டிக்கொள்வது இதனால்தான். அதிர்வைத் தணிக்கும் ரப்பர் துண்டுகளும் அம்பு போன பின்னரே வேலை செய்கின்றன. அவை தரும் பயன் எய்பவரின் கைக்கும் மனத்துக்கும் உரியது. ஏறத்தாழ இணையாக அமைந்த கிளைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக எதிரெதிர்த் திசையில் நகரும் இன்றைய காம்பவுண்ட் வில்லில் இரு உந்தங்களும் பெருமளவு ஒன்றையொன்று நீக்கிவிட, முன்துள்ளல் மிகவும் குறைகிறது. ஆனால் பிடியின் திருகலை அந்த அமைப்பு தீர்ப்பதில்லை.