இலத்தீன் உடைமைச் சொற்களும் இரணைமடுக் காணிகளும்

ஒரு சமுதாயம் தன் உடைமையை எவ்வாறு கருதிற்று என்பதை அறிதற்கு அதன் சட்டநூல்களைக் கற்பது ஒரு வழி. உடைமைக்கு அது இட்டு வழங்கிய சொற்களை ஆராய்வது பிறிதொரு வழி. அரசுகள் வீழ்ந்த பின்னரும், சட்டங்கள் மாறிய பின்னரும் சொற்கள் நிலைத்து நிற்றலின், இரண்டாவது வழி சிலபோது முதலாவதினும் தெளிவான சான்று தருவதாகும். மேற்கு உரோமப் பேரரசு கி. பி. 476 இல் வீழ்ந்தது. ஆயினும் ஆங்கில மொழியில் நிலத்தையும் சொத்தையும் பற்றிப் பேசுவோர் இலத்தீன் சொற்களைத் தவிர்த்து இன்றும் பேசவியலாது. அச்சொற்களுட் பல ஈழநாட்டுக்கும் வந்தன. வன்னியிலே, கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தின்கீழ் உள்ள வயல்களிலும் அவற்றின் ஆட்சி நடைபெறுகின்றது. அவ்வாட்சியால் உழவர் குடும்பங்கள் பெற்றவை எவை, இழந்தவை எவை என்பது ஆராயத்தக்கது.

கால்நடையும் செல்வமும்

பண்டை உரோமர் உழவர். ஆதலின் அவர்தம் உடைமைச் சொற்களும் வயலிலும் தொழுவத்திலும் பிறந்தவையே. ‘பெக்கூஸ்’ என்பது இலத்தீனிற் கால்நடையைக் குறிக்கும். அதிலிருந்து பணத்தைக் குறிக்கும் ‘பெக்கூனியா’ பிறந்தது. தலையைக் குறிக்கும் ‘கபுத்’ என்னுஞ் சொல்லடியாகப் பிறந்த ‘கபித்தாலே’ என்பது ஆங்கிலத்தில் மூன்று கிளைகளாயிற்று. முதலைக் குறிக்கும் ‘கப்பிற்றல்’, அசையும் பொருளைக் குறிக்கும் ‘சாட்டல்’, மாட்டைக் குறிக்கும் ‘கற்றில்’ ஆகிய மூன்றும் ஒருதாய் மக்களே. தமிழிலும் இந்நிலை உண்டு. மாடு என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்பது பழம்பொருளாகும். கல்வியைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டார். தொடர்பில்லாத இரு நாடுகளில் உழவர் வாழ்க்கை ஒன்றாயிருந்தமையால் சொல்லின் போக்கும் ஒன்றாயிற்று என்க.

உரிமையின் பெயர் பொருளின் பெயராதலும் இருமொழிக்கும் பொதுவானதே. ‘புரொப்பிறியெத்தாஸ்’ என்னும் இலத்தீன் சொல் தனக்கே உரியதாதல் என்னுந் தன்மையைக் குறித்தது. அதன் வழிவந்த ஆங்கிலச் சொல்லோ உரிமையை மட்டுமன்றி, உரிமைப்பட்ட வீட்டையும் நிலத்தையுமே குறிக்கின்றது. சோழர்காலக் கல்வெட்டுக்களிற் காணி என்பது வழிவழி வந்த நிலவுரிமையைக் குறித்தது. ஈழத்துத் தமிழில் அது நிலத்தையே குறிப்பதாயிற்று. இனி, உறுதிப்படுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து ‘பிர்மா’ என்னுஞ் சொல் பிறந்து, நிலத்துக்கு ஆண்டுதோறும் செலுத்தும் நிலையான தொகையைக் குறித்து, இறுதியில் ஆங்கிலத்திற் பண்ணையைக் குறிக்கும் சொல்லாயிற்று. யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் காணிச் சாசனத்தை ‘உறுதி’ என்றே வழங்குவர். நிலத்தின்மேல் மனிதன் நாடுவது உறுதிப்பாடு ஒன்றையே என்பதை இவ்விரு சொற்களும் காட்டுகின்றன.

ஒரே வாய்க்கால் நீர்

‘ரீவுஸ்’ என்பது ஓடை அல்லது வாய்க்கால். ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுவோர் ‘ரீவாலிஸ்’ எனப்பட்டனர். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சட்ட அறிஞர் உல்பியன் இச்சொல்லை இப்பொருளிலேயே ஆண்டுள்ளார். போட்டியாளனைக் குறிக்கும் ‘றைவல்’ என்னும் ஆங்கிலச் சொல் இதன் வழித்தோன்றலே. தமிழிற் பங்காளி, தாயாதி என்னுஞ் சொற்கள் முதுசொத்திற் பங்குடையோரைக் குறித்துப் பின்னர்ப் பகைமையின் நிழலும் படிந்து வழங்குதல் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. பகிர்ந்துகொள்வோரே பகைத்துக்கொள்வர் என்பது இரு நாட்டாரின் பட்டறிவுமாகும்.

இப்பகையைத் தடுத்தற்கு உரோமர் வகுத்த வழி பிறர்நிலத்தின்மேல் அமையும் வழியுரிமையாகும். நடந்து செல்லும் உரிமை ‘இத்தேர்’. கால்நடையை ஓட்டிச் செல்லும் உரிமை ‘ஆக்துஸ்’. வண்டிப்பாதை உரிமை ‘வியா’. நீரைக் கொண்டுசெல்லும் உரிமை ‘அக்குவைதுக்துஸ்’. இந்நான்கையும் நிலம், எருது ஆகியவற்றோடு ஒப்ப மதித்து, ஐந்து சாட்சிகள் முன்னிலையிலே தராசு பிடித்துச் செய்யும் சடங்கினாலே கைமாற்றினர். கி. மு. 450 ஆம் ஆண்டளவில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டம், பாதை நேராகச் செல்லுமிடத்து எட்டடியும் வளையுமிடத்துப் பதினாறடியும் அகலமாதல் வேண்டுமென விதித்தது. வண்டியும் எருதும் திரும்புதற்கு வேண்டிய இடத்தை அறிந்த உழவனன்றிப் பிறர் இவ்விதியை வகுத்திருத்தல் இயலாது.

இரணைமடுவின் வரலாறும் நீர்ப்பங்கீட்டின் வரலாறே. 1885 இல் ஹென்றி பார்க்கர் என்னும் பொறியியலாளர் இக்குளத்துக்குத் திட்டம் வகுத்தார். 1902 இல் தொடங்கிய பணி 1920 அளவில் நிறைவெய்திற்று. பின்னர்க் குளக்கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. இறுதியாகப் புனரமைக்கப்பட்டு 2018 திசெம்பரில் திறக்கப்பட்டது. இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களின் நீரைப் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் கமக்காரர் பகிர்ந்துகொள்வர். சிறுபோகத்தில் நீர் எல்லா வயலுக்கும் போதாதாகலின், யாருடைய வயல் எவ்வளவு விதைக்கப்படும் என்பதைக் கூடித் தீர்மானித்தல் வேண்டும். 2010 ஆம் ஆண்டின் பின் இக்குளத்து நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீருக்குக் கொண்டுசெல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். அதன்பின் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 இல் திறந்துவைக்கப்பட்டது. ஒரே நீரை நாடிய இருசாராரும் ஒரே மொழியினர், பலர் உறவினர். உல்பியன் காலத்துச் சொல்லின் பொருள் இரணைமடுவில் விளங்கியவாறு இது.

இலத்தீன் ஈழம் புகுந்த வழி

யாழ்ப்பாண இராச்சியம் 1619 இற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் எழுதிய காணி இடாப்பின் பெயர் ‘தோம்பு’. இது போர்த்துக்கேய மொழி வழியாக வந்த இலத்தீன் ‘தோமுஸ்’ என்பதன் திரிபாகும். 1658 இல் வந்த ஒல்லாந்தர் ‘நொத்தாரிசு’ என்னுஞ் சொல்லைத் தந்தனர். அதன் மூலம் எழுத்தனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே. சொற்களோடு உரோம-ஒல்லாந்தச் சட்டமும் வந்தது. யசுத்தீனியன் மன்னன் ஆறாம் நூற்றாண்டிலே தொகுப்பித்த சட்டத்தையும் ஒல்லாந்து நாட்டு வழமையையும் இணைத்தது அது. ஆங்கிலேயர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தினால் அதனை நிலைபெறச் செய்தனர். சிறப்புச் சட்டம் இல்லாதவிடத்து இலங்கையில் இன்றும் அதுவே பொதுச்சட்டமாகும்.

எனினும் யாழ்ப்பாணத் தமிழர்க்குத் தம்முடைய சொற்கள் இருந்தன. ஆளுநர் சைமன்சின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்து 1707 இல் அளித்த தேசவழமையைப் பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து ஒப்பினர். முன்னோர் வழிவந்தது முதுசொம்; பெண்ணுக்குப் பெற்றோர் கொடுத்தது சீதனம்; கணவனும் மனைவியும் இல்வாழ்க்கையில் ஈட்டியது தேடியதேட்டம். 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணம் இவ்வழமைக்குச் சட்டவலு அளித்தது. தேடியதேட்டம் இருவர்க்கும் பொது. ஒருவர் இறப்பின் மற்றவர் பாதியை இழப்பதில்லை. ஆயின் குறையும் உண்டு. 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச்சட்டம், மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென விதித்தது.

பொதுநிலமும் அனுமதிப்பத்திரமும்

போரிலே கைப்பற்றிய நிலத்தை உரோமர் ‘அகெர் பூப்ளிக்குஸ்’, அஃதாவது பொதுநிலம், என்றனர். அதனை உழுதவன் ஆட்சி உடையவனேயன்றி உடைமையாளன் அல்லன். செல்வர் அந்நிலத்தைக் கவர்ந்துகொண்டமையால் கி. மு. 133 இல் திபேரியுஸ் கிராக்குஸ் ஒருவர்க்கு ஐந்நூறு யூகெரா, அஃதாவது ஏறத்தாழ 310 ஏக்கர், என எல்லை வகுத்தார். எஞ்சிய நிலத்தை வறியோர்க்குப் பகிர்ந்து, விற்கலாகாது என்னும் விதியையும் சேர்த்தார். செல்வர் மீண்டும் விலைக்கு வாங்கிவிடுவர் என்ற அச்சமே அவ்விதிக்குக் காரணம்.

இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொண்டது. வன்னிப் பெருங்காடுகள் இவ்வாறு முடிக்குரிய காணியாயின. 1927 இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் விதந்துரைகளைத் தழுவி, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1930களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் கிளிநொச்சிப் பகுதியிலே காடு வெட்டிக் கழனி ஆக்கின. அக்குடியேற்றம் ‘கொலனி’ எனப்பட்டது. உழுபவனைக் குறிக்கும் ‘கொலோனுஸ்’ என்பதே இச்சொல்லின் மூலம். கொன்ஸ்தந்தீன் மன்னன் 332 இல் இயற்றிய சட்டம் கொலோனுஸைத் தன் நிலத்தை விட்டகலாதவாறு பிணித்தது. 1935 ஆம் ஆண்டுச் சட்டம் ஆளைப் பிணிக்கவில்லை, காணியைப் பிணித்தது. அரச அதிகாரியின் சம்மதமின்றி அதனை விற்றலோ துண்டாடுதலோ கூடாது. இவ்விதி ஏழை உழவனைக் கடன்காரனிடமிருந்து காத்தது என்பதை மறுத்தல் இயலாது.

ஆனால் அதே சட்டம், தன்கீழ் வழங்கப்பட்ட காணிக்கு வேறு மரபுரிமைச் சட்டம் எதுவும் பொருந்தாது எனவும் விதித்தது. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடியேற்றக்காரனுடன் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னுஞ் சொற்கள் வந்தன. அச்சொற்களின் சட்டவலு வரவில்லை. கணவனும் மனைவியும் கூடிக் காடழித்து ஆக்கிய வயல், வழமையின் நோக்கில், தேடியதேட்டத்தை ஒத்தது. சட்டத்தின் நோக்கிலோ அது பத்திரத்திற் பெயர் பொறிக்கப்பட்டவருக்கே உரியது. பெயர் பெரும்பாலும் கணவனுடையது. அவன் இறந்தபின் அவள் அக்காணியை ஆயுள்வரை அனுபவிக்கலாம். கைமாற்றவோ பின்னுரித்தாளியை நியமிக்கவோ இயலாது. மறுமணம் புரியின் அவ்வுரிமையும் அற்றுப்போகும்.

பொருளின் மூலத்துக்குக் கேடின்றி அதனைப் பயன்படுத்திப் பலனைக் கொள்ளும் இத்தகைய உரிமையை உரோமர் ‘ஊசுஸ்புருக்துஸ்’ என்றனர். பயன்பாடு, கனி என்னும் இரு சொற்களின் கூட்டு அது. ஆங்கில மொழியிலும் அச்சொல் இன்றுவரை வழங்குகின்றது. மக்களின் மரபுரிமையைக் கெடுக்காது கைம்பெண்ணுக்கு வாழ்வளித்தலே அது தோன்றியதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று என்பர். அஃதாவது, உரோமில் அது பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு கொடை. தேடியதேட்டத்திற் பாதியைத் தனதெனக் கொள்ளும் மரபில் வந்த பெண்ணுக்கோ, அத்தகைய ஓர் உரிமை இழப்பேயாயிற்று. ஒரு நாட்டிற் காப்பாய் இருந்த கருத்து பிறிதொரு நாட்டிற் குறையாய் முடிதல் கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும். பின்னுரிமை வரிசையில் மகளுக்கு முன் மகனை வைத்த விதியை 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச்சட்டம் நீக்கிற்று. அவ்வளவில் அது நீதியின்பாற்பட்ட மாற்றமே.

ஆட்சியும் ஆவணமும்

வழக்குத் தீர்க்கும் சான்றுகளாக ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூன்றைத் தமிழ்மரபு கூறும். உரோமரும் ஆட்சிக்குப் பேராற்றல் அளித்தனர். பன்னிரு பலகைச் சட்டத்தின்படி நிலத்தை ஈராண்டு ஆண்டவன் அதற்கு உரியவனாயினான். இலங்கையின் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் இதற்குப் பத்தாண்டு விதித்தது. உழாதவன் நிலத்தை உழுதவன் கொள்ளுதல் அமைதிக்காலத்தில் நியாயமாகலாம். போரினால் ஊரைவிட்டு ஓடியவனுக்கு அது நியாயமாமோ? கிளிநொச்சி மக்கள் 1996 இலும் 2008 இலும் இடம்பெயர்ந்தபோது ஆட்சி அற்றது, ஆவணங்கள் பல அழிந்தன, அயலாரும் சிதறினர். மூன்று சான்றுகளும் ஒருங்கே இழக்கப்பட்டன.

இத்தகைய இடர்க்கு உரோமர் ஒரு சொல் வைத்திருந்தனர். பகைவரிடம் சிறைப்பட்டவன் மீண்டுவந்து தாயகத்தின் வாயிற்படியை மிதிப்பின் அவனுடைய உரிமைகள் யாவும் மீளும். வாயிற்படியைக் குறிக்கும் ‘லீமென்’ என்பதனடியாக அதனைப் ‘பொஸ்த்லிமீனியும்’ என்றனர். ஆனால் உரிமை மீளினும் ஆட்சி தானே மீளாது என்றும், ஆட்சி என்பது நிகழ்ச்சியாதலின் எச்சட்டமும் அதனை நிகழாததாக்க இயலாது என்றும் அவர்தம் அறிஞர் தெளிந்துரைத்தனர். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதலாம் நாள் தொடக்கம் 2009 மே 18 ஆம் நாள் வரையுள்ள காலத்தை, போரினால் தம் காணியுரிமையைக் காத்துக்கொள்ள இயலாதுபோனோர்க்கு எதிராகக் கணக்கிடலாகாது என விதித்தது. பழைய உரோமக் கருத்தின் சாயல் இதிற் புலப்படுகின்றது. ஆயினும் பத்திரமே இல்லாது பிறர்காணியில் உழைத்தோர்க்கும், 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறி உறுதியின்றி வாழ்ந்தோர்க்கும் இச்சட்டம் அளிக்கும் பயன் சிறிதே. மீளுதற்கு முதலில் உரிமை ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ.

இலத்தீன் சொற்கள் ஈராயிரம் ஆண்டு வாழ்ந்தமைக்கு அவற்றின் ஒலியழகு காரணமன்று. நீரைப் பகிர்தல், கைம்பெண்ணைக் காத்தல், நிலமில்லானுக்கு நிலமளித்தல், மீண்டு வந்தவனை ஏற்றல் ஆகிய தேவைகள் ஒழியாமையே காரணம். அதே தேவைகளிற் சிலவற்றுக்குத் தமிழரும் சொற்கள் கண்டனர். அச்சொற்கள் பேச்சில் மட்டும் வாழ்ந்து சட்டத்தில் வாழாவிடின், அவற்றை நம்பி உழைத்தவர், சிறப்பாகப் பெண்கள், இழப்படைவர். இரணைமடுவின் கீழுள்ள வயல்கள் பற்றி இனி எழும் சட்டம் எம்மொழியில் எழுதப்படினும், தேடியதேட்டம் என்னும் ஒரு சொல்லின் நீதியை அது தன்னுட் கொள்ளுமாயின், காடழித்த இரு கைகளுக்கும் உரிய பங்கு கிடைத்ததாகும்.