கக்குவான் இருமல் (வளரிளம் பருவத்தினர், பெரியவர்கள்)

கக்குவான் இருமலைக் குழந்தை நோயாக வகைப்படுத்தியது நோயின் இயல்பன்று, அதைப் பதிந்தவர்களின் பார்வையே. 1578இல் பாரிசில் பரவிய கொள்ளைநோயை விவரித்த கியோம் தெ பையூ, நான்கு மாத, பத்து மாதக் குழந்தைகளையும் சற்றே மூத்தவர்களையும் மட்டும் குறிப்பிட்டார். அவ்விவரணை அச்சேறியதே 1640இல்தான். 1906இல் பிரசெல்சில் ஜூல் போர்தே, ஒக்தாவ் ழாங்கு இருவரும் உருளைக்கிழங்கும் கிளிசரினும் இரத்தமும் சேர்ந்த வளர்ப்பூடகத்தில் போர்டெடெல்லா பெர்டுசிசு என்னும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்ததும் குழந்தையின் சளியிலிருந்தே. அடுக்கடுக்காக இருமியபின் மூச்சை இழுக்கையில் எழும் கூவல் ஒலியே நோயின் முத்திரையானது. வளர்ந்தவர்களுக்கு அவ்வொலி பெரும்பாலும் எழுவதில்லை. வாரக்கணக்கில் விடாத இருமல், இரவில் அதன் மூர்க்கம், இருமி முடித்ததும் வாந்தி, சிலருக்கு விலா எலும்பு முறிவு என்று அவர்கள் பட்ட பாடெல்லாம் மூச்சுக்குழல் அழற்சியின் கணக்கில் சேர்ந்தது.

இதை மறுப்போர், தடுப்பூசிதான் நோயைப் பெரியவர்கள் பக்கம் தள்ளிவிட்டது, முன்பெல்லாம் ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் வராது என்பர். ஆனால் நோய் தரும் எதிர்ப்பாற்றலும் தேய்வதே. கிருமி ஊரெங்கும் உலவிய காலத்தில் அடிக்கடி நேர்ந்த தொற்று அதைப் புதுப்பித்துவந்தது. அமெரிக்காவில் 1976இல் 1,010ஆக இருந்த நோயாளர் எண்ணிக்கை 2012இல் 48,277ஆனதற்குப் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பெருகியதே காரணம் என்பது மற்றொரு மறுப்பு. அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் 2012இல் வாசிங்டன் மாநிலத்தில் பத்து வயதினரிடமும் 13, 14 வயதினரிடமும் நோய் குவிந்தது. சோதனை மட்டுமே காரணமென்றால் இப்படி வயது பார்த்து உயர்ந்திராது. ஜப்பானில் 1981இல் புழக்கத்துக்கு வந்து, 1990களில் அமெரிக்காவும் ஏற்ற, முழுக் கிருமியின்றிச் சில புரதங்களை மட்டும் கொண்ட தடுப்பூசியில் வளர்ந்த தலைமுறை இவ்வயதினர். காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பது அதன் நற்பெயர். ஆனால் அது தரும் காப்பு சில ஆண்டுகளிலேயே தளர்கிறது. பபூன் குரங்குகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அவ்வூசி பெற்றவை நோயுறவில்லை, ஆயினும் கிருமியைச் சுமந்து பிறவற்றுக்குப் பரப்பின.

அசித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி பரவலைத் தடுக்கும். தாமதமாகத் தந்தால் இருமலைக் குறைப்பது அரிது. ஊசிக்குரிய வயதெட்டாத சிசுக்களுக்கு பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களிடமிருந்தே தொற்று வருவதால், பிரிட்டன் 2012 முதல் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடுகிறது. இந்திய அரசுத் திட்டத்தில் இந்நோய்க்கான கடைசி ஊசி 5–6 வயதில். 10, 16 வயதுகளில் போடுவது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமே.